பூசை அறை பல்பு

அறுபத்திரண்டு வயதில் ஒசாமுவைக் கட்டிக்கொண்டு வந்த சிசுகோ, முதல் வேலையாக வீட்டு பல்புகளை மாற்றினாள். படுக்கையறைக்குத் தேன் மஞ்சள். அவருடைய செத்துப்போன முதல் மனைவி மிட்சுயேயின் படம் இருந்த பூசை அறைக்கோ, எந்தப் பேரழகியையும் மூன்று நாள் பிணமாகக் காட்டும் நீல வெள்ளை.

சுவிட்சைப் போட்டாள். பூசை அறையில் தேன் வழிந்தது. படுக்கையறை நீலம் பாரித்தது. பூசை அறை பல்பின் பெட்டியில் நீல வெள்ளைக்கான எண், 6500 என்றுதான் போட்டிருந்தது. கடைக்காரர் மாட்டிப் பார்த்தால் நீலம், வீட்டுக்கு வந்தால் மஞ்சள். மஞ்சளில் மிட்சுயே முப்பது வயதாய் ஜொலித்தாள்.

ஒசாமு சாயங்காலத் தேநீரை அங்கேயே குடிக்க ஆரம்பித்தார்.

“இந்த ரூமுக்குத்தான் வாங்களேன்” என்று படுக்கையறையிலிருந்து கூப்பிட்டாள்.

“அங்க உன்னப் பாத்தா ஆஸ்பத்திரியில பாக்குற மாதிரி இருக்கு, சிசுகோ” என்று சிரித்தார்.

மறுநாள் காலை, வழக்கம்போல் சோற்றின் முதல் கிண்ணத்தை மூத்தவள் படத்தின் முன் வைத்தபோது சிசுகோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“செத்தும் மினுக்குறீங்களே, அக்கா! ஆள நீங்களே வச்சுக்குங்க. அந்த வெளிச்சத்த எனக்குக் குடுங்க.”

அன்று சாயங்காலம் படுக்கையறையில் தேன் ஆறாய் ஓடியது. கண்ணாடியில் இருபது வயது குறைந்திருந்த சிசுகோ, பூரித்துப்போய்க் கணவரைக் கூப்பிட்டாள். தேடிக்கொண்டு போனாள்.

பூசை அறையில் நீல வெளிச்சம். தேநீரில் ஆவி பறந்தது. அவர் உட்காரும் மெத்தை காலியாக, ஆனால் இன்னும் சூடாக இருந்தது. வாசலில் அவருடைய காலணிகள் கழற்றிய இடத்திலேயே இருந்தன. படத்தின் நடுவில் இருந்த மிட்சுயே, இன்னொருவர் உட்கார இடம் விட்டு, ஓரமாக நகர்ந்திருந்தாள்.