ரோட்டோர உழவு

"டார்லாவோட கலப்பையில இந்நேரம் கோழி முட்டை போட்டிருக்கும்" என்றார் கேலன்.

தானியக் கிடங்கை ஒட்டிய காபிக் கடையில் மூன்று விவசாயிகள் உட்கார்ந்திருந்த மேஜையே குலுங்கியது. வெர்லின்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

மேற்குக் கான்சாஸில் ஒருவர் நல்ல விவசாயியா என்பதைப் பிக்கப் வண்டியில் போகிற போக்கில் எட்டிப் பார்த்தே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். வயலை உழுது, துடைத்துவிட்டது போல வைத்திருந்தால் உழைப்பாளி. போன அறுவடையில் அறுத்த பயிரின் அடித்தாள் அப்படியே நின்றால் சோம்பேறி.

டார்லா உழுவதே இல்லை. தாளுக்கு நடுவிலேயே கோதுமை விதைத்துவிடுவாள். ஈரம் தங்குமாம், மண் காற்றில் பறக்காதாம். அவளுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்த ப்ரூவர், டென்வரிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். குத்தகையை வேறு யாருக்காவது மாற்றலாமா என்று மேஜையைக் கேட்டார்.

தாராளமாக மாற்றலாம் என்றார் கேலன்.

"சோம்பேறித்தனத்துக்கு விஞ்ஞானம்னு பேர் வெச்சிருக்கா" என்றார் ராய்ஸ்.

வெர்லின் கோப்பையைக் கீழே வைத்தார். போன வருட வறட்சியில் அவர் தலை தப்பியதே டார்லாவின் வழியால்தான். ரோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்தான் உழுவார். மேட்டுக்கு அந்தப் பக்கம் கலப்பையே படாது.

உண்மையைச் சொன்னால் இந்த மேஜையில் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் டார்லாவின் நிலம் போகும்.

மானமே பெரிது என்று முடிவு செய்தார்.

"ரோட்டுல போறவங்க பார்த்தா ஊருக்கே அசிங்கம் சார்" என்றார்.

அப்போதுதான் டார்லா உள்ளே வந்தாள்.

ப்ரூவர் அவளிடம் மறைக்கவில்லை. "உன் முறை நல்லதுன்னு இங்க ஒருத்தர்கூடச் சொல்லலியேம்மா. நான் எதை நம்பிக் குத்தகையைத் தொடர்றது?"

"சொல்ல மாட்டாங்க சார்" என்றபடி காபியை ஊற்றிக்கொண்டாள். கோபத்தைக் காணோம். மேஜைப் பக்கம் திரும்பினாள்.

"நேத்து பெஞ்ச மழையோட ஈரம் காயறதுக்குள்ள விதைச்சாகணும். உழாம விதைக்கிற மெஷின் இந்தச் சுத்துவட்டாரத்துல என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்னு சொல்லி, மூணு பேருமே தனித்தனியா அதை நாளைக்குக் கேட்டிருக்கீங்க. யாருக்கு முதல்ல தரட்டும்?"