ஊறுகாய் முள்ளங்கி

டொக். டொக்.

மரவாளியைக் கல்தரையில் தட்டும் ஓசை. கிகுயே சிறுமியாக இருந்தபோது, தெருமுனைப் பொதுக் குளியலறையில், சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் பகுதியிலிருந்து அப்பா இப்படித்தான் தட்டுவார். 'குளிச்சாச்சு, கிளம்பலாமா?' என்று அர்த்தம். பெண்கள் பகுதியிலிருந்து அம்மா, "இதோ வந்துட்டேங்க" என்பாள். கொதிக்கும் நீருக்கு நடுவிலும் அந்தக் குரல் குளிர்ந்திருக்கும்.

இத்தனை காலம் கழித்து, வட ஜப்பானின் அகிதா மலையில், இந்த வெந்நீர் ஊற்று விடுதியில், அதே ஓசை. கிகுயேவுக்குக் கண் கலங்கியது.

"தொமே! ஏய் தொமே!" மூங்கில் தடுப்புக்கு அப்பாலிருந்து ஒரு கிழவரின் குரல்.

"என்னய்யா கத்துற? எனக்கென்ன காது செவிடா?" பெண்கள் குளியல் தொட்டியின் மறுமூலையில் இருந்தவள் எழுந்து நின்று பதில் கொடுத்தாள். "ஊறினது போதும், வெளிய வா! நீ என்ன ஊறுகாய் முள்ளங்கியா?"

கலங்கிய கண் சட்டென்று காய்ந்துவிட்டது.

பெரிய கடையொன்றில், வாடிக்கையாளரிடம் எப்படி மரியாதையாகப் பேசுவது என்று விற்பனைப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தே ஓய்வு பெற்றவள் கிகுயே. காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போலிருந்தது.

கூட வந்த தோழி ஹருயே காதைக் கடித்தாள். "பொண்டாட்டியா? நாற்பதுக்கு மேல இருக்காதேடி."

குளித்துவிட்டு நடைக்கு வந்தபோது கிழவரைப் பார்த்தார்கள். எண்பதைத் தாண்டியவர். விடுதிக் குளியலங்கியைச் சுற்றிக்கொண்டு குழந்தை மாதிரி நின்றார். தொட்டியில் கத்தியவள் வந்த வேகத்தில் அவருடைய இடுப்புக் கச்சையை உருவினாள்.

"வலப்பக்கத்தை மேல போட்டுக் கட்டிக்கிட்டு நிக்கிறியே, நீ என்ன பொணமா? பொணத்துக்குத்தான்யா வலது மேல வரும்!"

இழுத்து, இடப்பக்கத்தை மேலே மடித்து, இறுக்கிக் கட்டினாள். கிழவர் சிரித்துக்கொண்டே நின்றார்.

"பாவம் மனுஷன்," என்றாள் கிகுயே.

"பென்ஷனுக்காகக் கட்டிக்கிட்டவளா இருக்கும்," என்றாள் ஹருயே. "இல்லேன்னா இந்தக் கிழத்தை யாரு கட்டிப்பா?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதுதான் தொட்டுக்கை.

மறுநாள் சாயங்காலம் வெளியே பனி கொட்டியது. பெண்கள் தொட்டியில் அதே மூவர்தான். கிழவரைத் திட்டியவள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இருமியபடி இருந்தாள்.

டொக். டொக்.

"தொமே!"

அவள் எழுந்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"தொமே? எங்க போயிட்ட?" கிழவரின் குரல் நடுங்கியது.

அவள் மறுபடியும் முயன்றாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து, கிகுயேவின் கையைப் பற்றினாள்.

"நீங்க கூப்பிடுங்களேன்," கிசுகிசுப்புதான் வந்தது. "எனக்குத் தொண்டை கட்டிடுச்சு."

"நானா?"

"தொமே எங்க அத்தை. அவரோட சம்சாரம். அத்தை போயிட்டாங்க. அது அவருக்கு நினைவில்லை. அந்தக் குரல் கேட்டாத்தான் தண்ணியை விட்டு எழுந்திருப்பார். போன தடவை மயங்கியே விழுந்துட்டார்."

"ஆம்பளைங்க யாரையாவது அனுப்பி..."

"வேற யார் தொட்டாலும் அடிப்பார். சீக்கிரம், அம்மா."

கிகுயே தடுப்பருகே போய்த் தொண்டையைச் செருமினாள். "ஐயா, தாங்கள் தயவுசெய்து வெளியே வர வேண்டும்."



"யாரது?" கிழவர் பயந்தே போய்விட்டார். "தொமே, யாரோ வந்திருக்காங்க! நீ எங்க இருக்க?"

"மரியாதை வேண்டாம்," அவள் கிகுயேவின் தோளை உலுக்கினாள். அவள் கண் நிறைந்திருந்தது. "அத்தை ஒருநாளும் மரியாதையாக் கூப்பிட்டதில்லை. திட்டுங்க. நல்லாத் திட்டுங்க!"

கிகுயே கண்களை மூடிக்கொண்டாள். வாழ்நாளில் அவள் வாயிலிருந்து வராத குரல் வந்தது.

"யோவ் கிழவா! எவ்வளவு நேரம்யா ஊறுவ? நீ என்ன ஊறுகாய் முள்ளங்கியா? வெளிய வாய்யா!"

ஹருயேவின் கையிலிருந்த துண்டு தண்ணீரில் விழுந்தது.

"வரேன், வரேன்!" தடுப்புக்கு அப்பால் தண்ணீர் சளசளத்தது. கிழவரின் குரலில் அப்படியொரு நிம்மதி. "நிம்மதியா ஊற விடமாட்டியே! இன்னிக்குத் தொண்டை வேற கரகரங்குது உனக்கு. இஞ்சி போட்டு ஏதாவது குடி."

மூன்று பேரும் சிரித்தார்கள். யார் முதலில் அழுதது என்று தெரியவில்லை.

"உன் பேர் என்னம்மா?" என்று கேட்டாள் கிகுயே.

"மசுயோ."

"உன்னை மாதிரி ஒரு மருமகள் கிடைக்கக் கொடுத்து வைக்கணும்."

மசுயோ இல்லையென்று தலையாட்டினாள். தன்னடக்கம் என்று கிகுயே நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் விடுதிக்கு வந்ததும், வாசலில் செருப்பை வாங்கி வைத்த விடுதிக்காரம்மாவிடம்தான் கேட்டாள்.

"அந்த முள்ளங்கிக் கிழவரும் மருமகளும் வந்திருக்காங்களா?"

"மருமகளா? யாரு, மசுயோவா?" விடுதிக்காரம்மா நிமிர்ந்தாள். "அவர் பையன் அவளை விவாகரத்து பண்ணிட்டு வேற ஒருத்தியோட ஒசாகா போனது பழைய கதைங்க. அந்தக் குடும்பத்துக்கும் அவளுக்கும் எழுத்துப்படி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை."

"அப்போ கிழவர்?"

ஜென்சாகு கிழவர் முந்தைய பனிக்காலத்தில் காலமாகியிருந்தார். வலப்பக்கத்தை மேலே மடித்து அவருக்கு அங்கி உடுத்திவிட்டது மசுயோதான்.