கெங்கம்மாளுக்குப் பிடித்தது

பூந்தமல்லி மிட்டாய்க் கடையில் கன்னியப்பன் வெகுநேரம் நின்றான். கையில் ஓரணாதான். யுத்த காலத்து விலைக்கு லட்டு வாங்கினால் முறுக்குக்குக் காசு இருக்காது.

"கெங்கம்மாளுக்கு எது புடிக்கும் அண்ணாத்தே?"

கடைக்காரர் சிரித்தார். "இருவது வருசம் குடித்தனம் பண்ணிட்டு என்னைக் கேக்கறியே! கோச்சுக்கினு அம்மா ஊட்டுக்குப் பூடுச்சா?"

"எது வாங்கினு போனாலும், 'எனக்குப் புடிக்காது, நீயே துன்னு'ன்னுடும்."

"இங்க வந்தா லட்டையேதான் பார்த்துகினு நிக்கும். அப்பால உனக்கு முறுக்கு வாங்கினு பூடும்."

கன்னியப்பன் ஓரணாவைப் பலகைமேல் வைத்தான்.

"லட்டே குடு அண்ணாத்தே. நாளைக்கு அதுக்குக் கருமாதிப் படையல். இந்த ஒரு தபாவாவது எனக்கு எடுத்து வெக்காம அதுவே துன்னட்டும்."