கோமாரி ஊசி

"இனிமே பால் வராது சார்." வெறும் தூக்கோடு வாசலில் நின்றாள் பால்காரி கங்கம்மா. "ரெண்டு பசுவும் கோமாரியில போயிடுச்சு."

"முன்னாடியே ஊசி போடலையா?" என்றார் அரசாங்க குமாஸ்தா ப்ரஹ்லாத்.

"ஜோகுபாளையத்துல நம்ம தெருவுக்கு மட்டும் ஊசியே வரல சார். போன வருஷம் கால்நடைக் கணக்கு எடுத்தவன் இங்கே மாடே இல்லைன்னு எழுதிட்டானாம். வீட்டுப் பக்கம் ஒருத்தனும் வரல. சண்டை போட்டு அந்தக் கணக்குத் தாளோட ஜெராக்ஸ் வாங்கிட்டு வந்தேன். எல்லாம் கன்னடத்துல இருக்கு. கீழே எவன் கையெழுத்துன்னு படிச்சுச் சொல்லுங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்."

ப்ரஹ்லாத் காகிதத்தை வாங்கினார். ஊருக்குள் மாடு வளர்ப்பவர்களைக் காலி செய்யப் போவதாகப் போன வருடம் ஆபீசில் பேச்சு அடிபட்டது. கங்கம்மா பிழைத்துப் போகட்டும் என்றுதான், அவளிடம்கூடச் சொல்லாமல், கணக்கெடுக்கும் பொறுப்பிலிருந்த அவரே தெரு முழுவதற்கும் சைபர் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார்.

"கிறுக்கலா இருக்கும்மா. சரியாத் தெரியல."

"உங்களுக்கே தெரியலையா? போகட்டும் சார். நாளையிலேருந்து உங்க வீட்டுக்கு ஊத்தச் சொல்லி அல்சூர் பால்காரர்கிட்ட சொல்லிட்டேன். உங்க பாப்பா பாலில்லாம அழக்கூடாதுல்ல."