படுகளத்துச் சாமி

பீமன் கதாயுதத்தை ஓங்கிய நேரம் பார்த்து, சவேனி ஊர்த் திரௌபதி கோயில் வாசலில் ராணுவ லாரி வந்து நின்றது.

ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. பீமன் வேஷம் கட்டிய கரும்பு லாரி டிரைவர் தேவேந்திராவுக்குக் கதாயுதம் எதற்கு, தொப்பையால் இடித்தாலே போதுமே என்று அதுவரை கேலி பேசிய கூட்டம் வாசலைத் திரும்பிப் பார்த்தது.

தரையில் முப்பதடி நீளத்துக்கு மல்லாந்து கிடந்தான் துரியோதனன். களிமண் உடம்பு. தொடைக்குள் புதைத்த குங்குமத் தண்ணீர்ப் பானை.

அந்தத் தொடை உடைய வேண்டும். அந்தச் சிவப்பைத் தொட்டு ஜான்கியின் கூந்தலை முடிய வேண்டும். அதோடு பாரத யுத்தம் முடிந்தது.

ஜான்கி இந்த வருஷம் திரௌபதிக்காகக் காப்புக் கட்டியவள். பதினெட்டு நாளாக எண்ணெய் இல்லை, சீப்பு இல்லை. நாளைக் காலை ஆக்லாந்துக்கு விமானம். புருஷன் மகேந்திரா, மகள் காஜல், அவள் என்று மூன்று டிக்கெட். யுத்தம் முடியாமல், விரித்த தலையோடு ஊரெல்லை தாண்ட மாட்டேன் என்று அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தாள்.

சார்ஜன்ட் இரண்டு சிப்பாய்களோடு உள்ளே வந்தான். பக்கத்துச் சபேட்டோ கிராமத்துப் பூர்வகுடிக்காரன். மகேந்திராவைவிட நன்றாக இந்தி பேசுகிறவன். மண் மனிதனைக் காலிலிருந்து தலைவரை நடந்து பார்த்துவிட்டு, யார் இது என்று கேட்டான்.

பூசாரி பாலசுப்பிரமணி பதில் சொல்ல வாயைத் திறந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆறே மாதம். அவருக்குக் கதை தெரியும், காலம் தெரியாது. சூதாடி நாட்டைப் பிடுங்கிக்கொண்டு திருப்பித் தர மறுத்த ராஜா என்று சொல்லிவைத்தால் என்ன ஆவது? தீவின் தலைநகர் சுவாவில் பூர்வகுடிக் கும்பல் ஒன்று பார்லிமென்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்து, இந்தியர் தலைமையிலான சர்க்காரைப் பிடித்து இன்னும் பத்து நாள்கூட ஆகவில்லை.

மகேந்திரா முந்திக்கொண்டான். லவுட்டோகாவில் இருபது வருஷமாகத் துணிக்கடை. சாயம் போகிற சேலையைத் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்து விற்றவனுக்கு, ஒரு களிமண் ராஜாவை விற்பதா கஷ்டம்?

"எங்க சாமி, சார்ஜன்ட் சாப். தூங்குறாரு. கதாயுதம் வச்சிருக்கிறவன் அவருக்குக் காவல்."

சரக்கு போணியாகிவிட்டது.

சார்ஜன்ட் தொப்பியை எடுத்தான். பூட்ஸைக் கழற்றினான். சிப்பாய்களையும் கழற்றச் சொன்னான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அடுத்தவன் சாமியானாலும் முன்னால் எப்படி நிற்பது என்று தெரிந்தவன்.

மிரட்டியிருந்தால் கெஞ்சலாம். கை நீட்டியிருந்தால் கொடுக்கலாம். மரியாதை காட்டுகிறவனை என்ன செய்வது? மகேந்திராவின் தொழிலில் அதற்கு வழி இல்லை.

பிறகு சார்ஜன்ட் சுற்றிலும் பார்த்தான். சாமி என்கிறார்கள், ஒருத்தர்கூடக் கும்பிடவில்லையே.

அவன் முகத்தில் சந்தேகம் நுழைவதை, ஆள் முகம் பார்த்தே பிழைத்த மகேந்திரா கண்டுகொண்டான். தேவேந்திரா மட்டும் கதாயுதத்தைத் தோளில் சாத்திக் காவலாளியாகியிருந்தான். மற்றவர்கள் அசையவில்லை. துரியோதனனைக் கும்பிட யாருக்குக் கை வரும்? மகேந்திராவுக்கே வரவில்லை.

ஜான்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

துரியோதனன் காலில் விழுந்தாள். விரித்த கூந்தல் மண்பாதத்தை மூடியது.

அவள் பின்னால் மொத்தக் கூட்டமும் விழுந்தது.

சார்ஜன்டுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. காலம் கெட்டுக் கிடக்கிறது, கண்டவனும் வந்து இவர்மேல் கை வைப்பான் என்றான். லாரி கிளம்பியபோது சிப்பாய்கள் இருவரும் அதில் ஏறவில்லை. துரியோதனனின் தொடைக்கு ஒருவராகத் துப்பாக்கியோடு நின்றார்கள். ஊரடங்கு எடுக்கும்வரை அங்கேதானாம்.

ஜான்கி எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டாள்.

"காஜல் அப்பா, யுத்தம் முடியல. பொண்ணைக் கூட்டிக்கினு நீங்க போங்க."