தோற்றவர் வீட்டுக்கு அப்பா

பெற்ற அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று சீட்டாடி முடிவு செய்கிற பிள்ளைகளைக் கேள்விப்பட்டதுண்டா? இங்கே மூன்று பேர் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அதுவும் போக்கர்.

அப்பாவின் வாடகை வீட்டைப் பகல் பன்னிரண்டுக்குள் காலி செய்ய வேண்டும். சாமானெல்லாம் வாசலில் லாரி ஏறிவிட்டது. மிச்சம் ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஒரு சீட்டுக்கட்டு, அப்புறம் அப்பா. அவர் பக்கத்து அறையில் பெட்டிமேல் உட்கார்ந்து, பேப்பர் படிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தார்.

போன வாரமே மூன்று நாள் பேசிப் பார்த்தாயிற்று. மாமனாரால் மாடி ஏற முடியாது என்று மனைவி சொல்வதாக மூத்த பிள்ளை, பெரியவர், சொன்னார். நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா, தன் வீட்டுக்காரருக்கு இருமல் சத்தமே ஆகாது என்றாள். சின்னவன் எலக்ட்ரீசியன். அவன் வாயைத் திறக்குமுன் அவன் மனைவி டீச்சர் முந்திக்கொண்டாள். எங்களுடையது இரண்டே அறை என்றாள்.

கடைசியில் இப்படி முடிவானது. ஆளுக்கு நாற்பது தீக்குச்சி. பன்னிரண்டு மணிக்கு யாரிடம் குச்சி குறைவோ, அவர் வீட்டுக்கு அப்பா.

டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. புருஷன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தார். பெரியவருக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மனைவியிடமிருந்து போன், ஜெயித்தாயிற்றா என்று கேட்டு. அக்கா வீட்டுக்காரர் காரைவிட்டு இறங்கவேயில்லை.

ஒரு வாரமாக டீச்சர் தன் புருஷனுக்குப் பாடம் எடுத்திருந்தாள். கணக்கு டீச்சர் சும்மா இருப்பாளா? நடுவில் முப்பது குச்சி கிடக்கிறது, ஆட்டத்தில் நீடிக்கப் பத்து போடணும் என்றால், நாலில் ஒரு தரமாவது ஜெயிக்கிற கையாக இருக்கணும். இல்லாவிட்டால் சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்தைவிட்டு விலகிவிட வேண்டியதுதான்.

அதோடும் விடவில்லை. "நடுவுல கிடக்கறதை மட்டும் பாக்காதீங்க. நமக்கு வேண்டிய சீட்டு விழுந்தா, எதிராளிகிட்ட பின்னால எவ்வளவு கறக்கலாம்னு அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க."

அவன் சமர்த்தாகத் தலையை ஆட்டினான்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். கடைசி ஆட்டம்.

அக்கா பாதியிலேயே கவிழ்த்துவிட்டாள். மேஜையில் எல்லாருக்கும் சேர்த்து நாலு பொதுச் சீட்டு விரிந்திருந்தது, ஐந்தாவது விழ வேண்டும். புருஷன் கையில் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் இரண்டு, மேஜையில் இரண்டு. இன்னொரு ஆட்டின் விழுந்தால் ஐந்தும் ஒரே ரகம், அதை அடிக்க ஆள் கிடையாது.

பெரியவர் பத்துக் குச்சி தள்ளினார். அதோடு நடுவில் முப்பது. டீச்சர் மனசுக்குள் மளமளவென்று போட்டாள். பார்க்காத சீட்டு நாற்பத்தாறு, அதில் ஆட்டின் ஒன்பது. ஐந்தில் ஒரு தரம்தான் விழும். கிடக்கிற முப்பதுக்காக மட்டும் என்றால் கட்டாது. ஆனால் பெரியவர் முன்னால் இன்னும் பதினெட்டு இருக்கிறது. ஆட்டின் விழுந்தால் அதையும் பிடுங்கலாம். தாராளமாகப் போடலாம்.

அவனும் போட்டான். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஐந்தாவது சீட்டும் ஆட்டினாகவே விழுந்தது.

பெரியவர் மிச்சமிருந்த பதினெட்டையும் நடுவில் தள்ளினார். டீச்சர் நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இவனும் பதினெட்டு வைத்தால் போதும், பெரியவர் கை காலி, மாமனார் மாடி ஏறிவிடுவார்.

அவன் தலையைச் சொறிந்தான். வாட்சைப் பார்த்தான். சீட்டைக் கவிழ்த்துவிட்டான்.

"ஏன்டா கவுத்தே?" பெரியவர் எரிந்து விழுந்தார்.

"பயமா இருந்துச்சுண்ணே."

எண்ணினார்கள். பெரியவரிடம் ஐம்பத்தெட்டு, அக்காவிடம் நாற்பத்திரண்டு, இவனிடம் இருபது. அவன் எழுந்து பக்கத்து அறைக்குப் போய் அப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

டீச்சர் வயிற்றெரிச்சலோடு சீட்டுகளை அள்ளினாள். பெரியவருடையதைத் திருப்பினாள். ரெண்டும் ஏழும், ஒன்றுக்கும் உதவாத சீட்டு. பூச்சாண்டி காட்டியிருக்கிறார், இந்த அசடும் பயந்திருக்கிறது என்று பல்லைக் கடித்தாள். அக்காவுடையதைத் திருப்பினாள். இரண்டு ஆஸ். மேஜையில் முதலிலேயே ஓர் ஆஸ் கிடந்தது. மூன்று ஆஸை வைத்துக்கொண்டு யாராவது கவிழ்ப்பார்களா?

அதற்குள் லாரிக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். அட்ரஸ் எழுதித் தருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று அவள் எரிச்சலோடு பேனாவைத் தேடினாள்.

"அட்ரஸெல்லாம் இருக்கும்மா." அவர் சட்டைப் பையிலிருந்து மூன்று துண்டுப் பேப்பரை எடுத்தார். "காலைல மூத்த பிள்ளை தனியா வந்து குடுத்தாரு. அப்புறம் அந்த நர்ஸம்மா. அப்புறம் உங்க வீட்டுக்காரர். எப்படியும் எங்க வீட்டுக்குத்தான் அப்பா வருவாருன்னு மூணு பேருமே சொன்னாங்க. கடைசில யாரும்மா ஜெயிச்சது?"