ஒட்டகப் பெட்டி

"இது என்ர கார்ட்."

மரியநாயகிக்கு ஒன்றும் புரியவில்லை. லண்டனின் மறுகோடியான ஹரோவிலிருந்து அவளைப் பார்க்க மோர்டனுக்கு வந்திருந்த டொலறஸ், மேசையில் கிடந்த சின்ன அட்டைப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே நாலு மில்க் ரொபி இனிப்பு. லூயிஷாமில் இருக்கும் இம்மாகுலேற் தன் கையால் செய்து நத்தார் பண்டிகைக்கு அனுப்பியது.

"மூடியைப் பாரும். மூண்டு ராசாக்கள், ஒட்டகம், தங்க விளிம்பு. போன வருஷம் நான் அவவுக்கு அனுப்பின கார்ட். வெட்டி மடிச்சு உமக்கு அனுப்பியிருக்கிறா."

"வடிவாத்தானே செய்திருக்கிறா."

"அடியைத் திருப்பிப் பாரும். கோர்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி."

டொலறஸுக்கும் ஒரு பெட்டி வந்திருந்தது. மூடியில் யாரோ அனுப்பிய பனிமனிதன். ரொபியைப் பிள்ளைகள் தின்றார்கள். பெட்டி குப்பைக்குப் போனது. அது வேறு கதை.

"கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணும். ஒண்டாப் படிச்சனாங்கள் எண்டு பாத்துப் பாத்து வாங்கி அனுப்பினா, கத்தரிக்கோல் போடுறதோ? நேரில போய்க் கேக்கிறன். இண்டையோட அவவின்ர சிநேகிதமும் வேண்டாம்."

"நத்தார் நேரத்தில ஏன் உந்தச் சண்டை?"

"கேட்டாத்தான் என்ர மனம் ஆறும்."

மோர்டனிலிருந்து லூயிஷாமுக்கு ரயில் மாறி, பஸ் ஏறிப் போக வேண்டும். கோபம் வந்தால் தூரம் தெரிவதில்லை. தெருவில் இரண்டு பேரிடம் விலாசத்தைக் காட்டிக் கேட்டு, கவுன்சில் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு ஏறி மணியை அடித்தாள் டொலறஸ்.

கதவைத் திறந்த இம்மாகுலேற்றின் விரலெல்லாம் பசை. பின்னால் மேசையில் கத்தரிக்கோலும் வெட்டிய படங்களும்.

"டொலறஸ்? வாரும், வாரும். குளிருக்க நிக்காமல் உள்ள வாரும்."

"நான் இருக்க வரேல்லை. ஒண்டு கேக்க வந்தனான். நான் அனுப்பின கார்ட்டை வெட்டிப் பெட்டி செய்தனீரோ?"

"ஓம்."

"ஆசையா அனுப்பினது. அது உமக்குக் குப்பையோ?"

இம்மாகுலேற் அலுமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து டொலறஸின் கையில் கொடுத்தாள்.

"படம் இருக்கிற பக்கத்தைத்தான் வெட்டுறனான். அது கடைக்காரன் அச்சடிச்சது. நீங்கள் எழுதின பக்கம் ஒண்டையும் எறியேல்லை. இவரும் போனாப் பிறகு எனக்கு இஞ்ச ஆர் இருக்கினம்? வேலையால வந்து எடுத்து வாசிப்பன்."

டின்னுக்குள் பாதி பாதியாக அட்டைகள், ஆளுக்கொரு கட்டாக நூல் கட்டியபடி. டொலறஸின் கட்டு மேலேயே இருந்தது. எட்டு அட்டைகள்.

இம்மாகுலேற் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். டொலறஸ் நின்றபடியே நூலை அவிழ்த்தாள்.

1983: "நத்தார் முடியக் கட்டாயம் உம்மை வந்து பாக்கிறன்."

1984: "இந்த முறை நேரம் கிடைக்கேல்லை. வாற வருஷம் கட்டாயம் வாறன்."

அடுத்த வருடமும் அதே. அதற்கடுத்ததும் அதே. இம்மாகுலேற்றின் கணவனின் செத்தவீடு நடந்த வருடத்தில் மட்டும் ஒரு வரி கூடுதல்: "செத்தவீட்டுக்கு வர ஏலாமப் போச்சு. கெதியா வாறன்." போன வருடத்து ஒட்டக அட்டையின் மிச்சப் பாதியில் இரண்டே சொல்: "கட்டாயம் வாறன்."

இன்றுதான் வந்திருக்கிறாள். அதுவும் சண்டைக்கு. டொலறஸுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எப்பிடியோ, சொன்னபடி வந்திட்டீர்," குசினிக்குள் இருந்து இம்மாகுலேற்றின் குரல் கேட்டது. "தேத்தண்ணிக்கு உமக்குச் சீனி எத்தினை கரண்டி? எனக்கு மறந்துபோச்சு."